சுவரில் எழுதிய சத்தியம்

கோடு மேலே ஏறுகிறது என்று சொன்னபோது முத்துசுப்பிரமணியன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. கெசியாவுக்கு அதைப் பார்த்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் திட்ட அதிகாரி. மாதம் ஒரு தடவை காரில் வந்து இறங்கி, அரசு ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் ரத்தப் பரிசோதனை ஆலோசனை மையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்ப்பார், காப்பி குடிப்பார், போவார். தொண்ணூற்றைந்தில் மையம் திறந்ததிலிருந்து எத்தனை பேருக்கு எய்ட்ஸ் கிருமி கண்டது என்று, ஆண்களுக்கு நீலத்திலும் பெண்களுக்குச் சிவப்பிலும் ஆலோசகரான கெசியாதான் கோடு போட்டு வைத்திருந்தாள். முதல் இரண்டு வருஷம் நீலம் மட்டும் ஏறியது. சிவப்பு தரையோடு கிடந்தது. போன வருஷம் சிவப்பு கிளம்பியது. இந்த வருஷம் ஐப்பசிக்குள் நீலத்தை எட்டிப் பிடித்துவிட்டது.

"பெண்கள் பக்கம் இப்படி ஏறுதே, என்ன காரணம்னு சென்னையில கேப்பா. ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்கோ" என்றார். "கிராமத்துல ஒழுக்கம் கொறைஞ்சு போச்சு, பெண்களைக் கூட்டி வச்சுப் பேசணும்னு நாமளே சேர்த்து எழுதிட்டா நல்லது."

"யாருக்கு சார் ஒழுக்கம்?"

"கோடு பொய் சொல்லுமா, கெசியா?"

கோடு பொய் சொல்லாதுதான். ஆனால் கோட்டுக்கு வாயும் கிடையாதே. இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர், தாலி கட்டினவனைத் தவிர வேறொருத்தன் விரலைக்கூடத் தொட்டறியாதவர்கள். பேறுகாலத்துக்குப் போன இடத்தில் ரத்தத்தைப் பார்த்து, நாயை விரட்டுகிற மாதிரி விரட்டிவிட, கையில் ஒரு சீட்டோடு இங்கே வந்து நிற்கிறவர்கள். புருஷன்மார் வருவதில்லை. அவர்கள் வராததால்தான் நீலக்கோடு படுத்துவிட்டது. வந்தவள் கணக்கில் ஏறுகிறாள், வராதவன் யோக்கியனாகிவிடுகிறான். இதை எத்தனை தடவை இந்த மனுஷரிடம் சொல்லியாயிற்று! செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்.

"சாயந்தரத்துக்குள்ள காரணத்தை எழுதி வைக்கேன் சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கார் போன பிறகுதான் அவளால் ஒழுங்காக மூச்சுவிட முடிந்தது.

பரிசோதனைக் கூடத்து நூகு அண்ணன் எட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை எடுத்த ரத்தத்துக்கெல்லாம் முடிவு வந்துவிட்டது. "ஏரல்காரிக்கு இருக்கு தாயி. ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். "குடும்பமே வந்து உக்காந்திருக்கு. ரத்தம் குடுத்த அன்னைக்கு அவளும் புருசனும் மட்டும்தான் வந்தாவ. இன்னைக்கு ஒரு பட்டாளமே வந்திருக்கு."

கெசியா வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் ஒரு வயதான அம்மாள், மடியில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தபடி. பக்கத்தில் மூத்த மகன், துண்டும் நரைத்த மீசையுமாக. பெஞ்சின் மறுகோடியில், யாரும் தன்மேல் பட்டுவிடாதபடி ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவளாக, வயிறு லேசாக மேடிட்ட ஒரு பெண். எதிர்த் தூணில் சாய்ந்துகொண்டு அவள் புருஷன்.

அவனைப் பார்த்ததும் கெசியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இடது புருவத்தைக் குறுக்கே அறுத்த தழும்பு. மறக்கக்கூடிய முகமா அது! பங்குனி மாதம் இவன் தனியாக வந்தான். பெயர் சுந்தரம், ஊர் சாத்தான்குளம் என்றான். இங்கே யாரும் யாரிடமும் அத்தாட்சி கேட்பதில்லை, ஒரு நம்பர் கொடுப்பார்கள், அவ்வளவுதான். லாரியில் கூட ஓடின கூட்டாளி புனாவில் செத்துப்போனான், அவன் போன இடத்துக்கெல்லாம் நானும் போயிருக்கேன் என்று சொல்லி ரத்தம் கொடுத்தான். கிருமி இருக்கிறது என்று கெசியா சொன்னபோது மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். "எம் பொஞ்சாதிய நானே கூட்டிட்டு வாரேன்க்கா, நானே சொல்லிருதேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். இனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆணுறை சகிதம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் வருவான், அதற்கடுத்த வாரம் வருவான் என்று பார்த்தாள். வீட்டுக்குத் தகவல் சொல்ல மையத்துக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் எந்த வீட்டுக்குச் சொல்வது? சாத்தான்குளத்துச் சுந்தரம் என்று ஒருவன் உலகத்திலேயே இல்லையே.

இப்போது அதே ஆள், வாய் நிறைய வெற்றிலையோடு, வஞ்சிக்கப்பட்ட புருஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"முப்பிடாதி மட்டும் உள்ள வாம்மா" என்றாள் கெசியா.

முப்பிடாதிக்கு இருபத்துநாலு வயதிருக்கும். ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களில் தார் சுமக்கிறவள், தோள்பட்டையில் காய்ப்பு ஏறியிருந்தது. சொல்ல வேண்டியதைக் கெசியா சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவள் அழவில்லை.

"வயித்துல இருக்கதுக்கும் வருமாக்கா?"

"வரலாம். வராமலும் போவலாம். மூணு பிள்ளைல ஒண்ணுக்கு வருதுங்காவ."

"இதுக்கு மருந்து?"

"தீர்க்கதுக்கு இன்னும் மருந்து வரல. ஆனா நாளைக்கே செத்துப்போற நோவு இல்ல. இருமல், காய்ச்சல் வந்தா உடனே வந்து பாத்துக்கிட்டா நெடுநாள் இருக்கலாம். பிள்ளைய வளக்கலாம்."

பிள்ளை என்றதும்தான் அவள் கண் நிறைந்தது. "இசக்கிய எங்கிட்ட இருந்து பறிக்கப் போறாவக்கா. மூத்தவன், நாலு வயசு. பேறுகாலத்துக்குப் பாக்கப் போன நர்சிங்ஹோம்ல ரத்தத்தைப் பாத்துச் சொன்னதுமே வீட்டுல தீர்மானம் பண்ணிட்டாவ. யாருக்கு முதல்ல தெரிஞ்சுதோ அவா கொண்டாந்த சீக்குதானாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை சுடலை கோயில்ல ஊரைக் கூட்டி, நான் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணணும்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் தப்புச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் சுடலைமாடன் முன்னால் பொய்ச்சூடம் அடிக்க எவனுக்கும் துணிச்சல் வராது.

"நீ அடிப்பேல்லா?"

"நான் எதுக்குக்கா பயப்படணும்? நூறு சூடம் அடிப்பேன். ஆனா எங்க அத்தை அதுக்கும் ஒரு கொக்கி போட்டுட்டாவ. ஒனக்கு சீக்கு இருந்து எம் மவனுக்கு இல்லைன்னா நீ அடிச்சது பொய்ச்சூடம், பிள்ளைய விட்டுட்டு ஒங்க அம்மை வீட்டுக்கு நடன்னுட்டாவ. அவரு ரத்தம் குடுக்க மாட்டேங்காரு. கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு எதுக்குங்காரு." முப்பிடாதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்க்கா. எம் பிள்ளை எங்கூட இருப்பான். நீங்க அவரை எப்படியாவது பாத்துச் சொல்லுங்களேன்."

கெசியாவுக்குத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் அந்தப் பதில் உட்கார்ந்திருந்தது. ஆனால் முப்பிடாதியின் தலைக்கு மேலே சுவரில் நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்து: "இங்கே நீங்கள் சொல்வதும் உங்களுக்குச் சொல்வதும் வேறு எவருக்கும் சொல்லப்பட மாட்டாது." ஆளை வைத்து எழுதச் சொன்னது கெசியாவேதான். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் இந்தப் படியில் சனங்கள் ஏறுகிறார்கள். இன்றைக்கு ஒருத்தனைப் பற்றி வாயைத் திறந்தால் நாளைக்கு ஒரு ஈ, காக்கை வராது. நல்ல சட்டம்தான். நல்ல சட்டம் யாரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது பார்த்தீரா, கர்த்தரே!

"நீ வெளிய உக்காரு. உன் வீட்டுக்காரரை வரச்சொல்லு."

முப்பிடாதியின் சீட்டில் புருஷன் பெயர் மந்திரமூர்த்தி என்று இருந்தது. அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். சாத்தியதும் அந்த முறைப்பெல்லாம் எங்கே போயிற்றோ! வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டுக் கும்பிட்டான். "அக்கா, நீங்க இன்னும் இங்கதான் இருக்கியளா?"

"ஏன், செத்துப் போயிருப்பேன்னு நெனச்சியா? உட்காரு, சுந்தரம்."

அவன் உட்காரவில்லை.

"ஏலே, அவளுக்கு இப்ப எத்தனை மாசம்?"

"அஞ்சு..."

"நான் ஒங்கிட்டச் சொன்னது எப்போ? பங்குனியில. ஒனக்கு இருக்குன்னு தெரிஞ்சு, நான் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பி, அதுக்குப் பொறவு வீட்டுக்குப் போயி..." கையில் இருந்த பேனாவை மேசைமேல் எறிந்தாள். "நீ மனுசனாலே?"

"ஒறையக் கொண்டு போனா எதுக்குன்னு கேப்பாளேக்கா. நான் என்ன செய்ய?"

இந்த ஒரு பதிலுக்காக அவனை அங்கேயே கன்னம் கன்னமாக அறையலாம். மையத்தில் அதற்கும் அனுமதி இல்லை. "இப்ப வெளிய போ. உங்க அண்ணன்கிட்ட, அம்மைகிட்ட, உள்ளதைச் சொல்லு. எனக்கும் இருக்கு, எனக்குத்தான் முதல்லன்னு சொல்லு. நான் கூட நிக்கேன். ஒன்னையும் யாரும் வீட்டை விட்டு எறக்கிவிடாம பாத்துக்கிடுதேன். அந்தப் பிள்ளை பாவம்லே. மவனைப் பறிச்சுட்டு அனுப்பப் போறாவ."

 அவன் சுவரைப் பார்த்தான். எழுத்துக் கூட்டி வாசித்த மாதிரி இருந்தது. "யாருட்டயும் சொல்லமாட்டோம்னு எழுதிப் போட்டிருக்கியள்லா?" என்றான்.

"எழுதியிருக்கு."

"நீங்க சொல்ல மாட்டியளே?"

"நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்."

"சரிக்கா. சொல்லிருதேன்" என்றான் மந்திரமூர்த்தி. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். கெசியா அவன் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள். அவன் தைரியம் பாதியில் நின்றுவிட்டால் தாங்கிப் பிடிக்கலாம் என்றுதான் வந்தாள், முட்டாள்.

அவன் நேரே அம்மாவிடம் போனான். சிரித்தான். "எனக்கு இல்லையாம்மா. உள்ள வச்சுச் சொல்லிட்டாவ."



அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். அறைக்குள் கூப்பிடுவார்கள், கதவைச் சாத்துவார்கள், வெளியே வருகிறவன் முகத்தில் முடிவு இருக்கும். அழுதுகொண்டு வந்தால் இருக்கிறது, சிரித்துக்கொண்டு வந்தால் இல்லை. முப்பிடாதி கண் சிவந்து வந்தாள், இவன் சிரித்துக்கொண்டு வந்தான். அவர்களுக்கு வேறு ருசு எதற்கு?

"நான் என்ன சொன்னேன்!" கிழவி எழுந்துவிட்டாள். "ஊசி எடங் குடுக்காம நூலு நுழையுமா? எம் மவன் தங்கம்லா. ஏட்டி, நாளைக்குச் சூடத்தை அடிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிரு. சூடத்தைக்கூட நான் இந்தா டவுன்லயே வாங்கி வச்சுட்டேன். பேரன் மேல ஒன் நெழலு படக்கூடாது."

கிழவியின் மூத்த மகன் மகாராஜா கொஞ்சம் நிதானமான ஆள். கெசியா பக்கம் திரும்பினான். "ஏம்மா, தம்பி சொல்லுதது சரிதான? அவனுக்கு இல்லைல்லா?"

மந்திரமூர்த்தி அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்று கெசியாவைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நீ சொல்ல முடியாது, எழுதிப் போட்டிருக்கே என்கிற பார்வை. இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது என்று சொன்னால் சுவரில் எழுதியது பொய். பேசாமல் நின்றால், மௌனம் சம்மதம் என்று இவன் பிழைத்துக்கொள்வான், அவள் பிள்ளையை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவாள். தான் எழுதிய எழுத்தைக் கொண்டே தன் வாயை ஒருத்தன் தைத்துவிட்டானே என்ற கோபத்தில் கெசியாவுக்கு உடம்பு தகதகவென்று எரிந்தது.

"யாருக்கு என்ன இருக்குன்னு நான் வெளிய சொல்லமாட்டேன் அண்ணாச்சி" என்றாள். வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "யாருக்குமே சொல்லமாட்டேன். ஆனா இங்க உள்ள முறையைச் சொல்லுதேன், அது எல்லாருக்கும் தெரிய வேண்டியதுதான். கையில ஊசி குத்தி ரத்தம் எடுப்போம். அதைப் பாத்து முடிவு வர மூணு நாளாவும். பொறவுதான் இந்த ரூமுக்குள்ள கூப்பிட்டுச் சொல்லுவோம். ரத்தம் எடுக்காம இங்க யாருக்கும் இருக்குன்னும் சொல்லதில்ல, இல்லைன்னும் சொல்லதில்ல. முகத்தைப் பாத்துச் சொல்லதுக்கு இது குறி கேக்கிற எடம் இல்ல."

மகாராஜாவுக்கு அது போய்ச் சேர்வதற்குள் முப்பிடாதிக்குச் சேர்ந்துவிட்டது. பெஞ்சிலிருந்து பைய எழுந்தாள்.

"திங்கக்கிழமை என் கையிலதான ஊசி குத்துனாவ" என்றாள் புருஷனிடம். "நீரு வெளிய கடையில சாயா குடிச்சிட்டு நின்னீரு. உம்ம கையில எப்ப எடுத்தாவ?"

"அதெல்லாம் எடுத்தாச்சு."

"எப்ப?"

"ஒனக்கு எதுக்குட்டி அந்தக் கணக்கு?"

"எப்பலே?" என்றான் மகாராஜா. "இந்த மூணு நாளும் நீ எங்கூடத் தோட்டத்துல தார் ஏத்திக்கிட்டுல்லா கெடந்த? எப்ப வந்து ரத்தம் குடுத்த?"

மந்திரமூர்த்தியின் கண் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. இந்த வாரம் என்றால் அண்ணன் சாட்சி. போன வாரம் என்றால் அம்மா சாட்சி, காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக் கிடந்தவன். இந்த அவசரத்தில், அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் தான் டவுனுக்கு வந்த ஒரே நாள்தான் அவன் வாயில் வந்தது.

"முன்னாடியே குடுத்துட்டேன்ணே. பங்குனியில."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

"பங்குனியிலயா?" என்றாள் முப்பிடாதி. "எனக்கே புரட்டாசியிலதான தெரியும்? பங்குனியில நம்ம வீட்டுல யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லையே. அப்ப எதுக்குய்யா இந்தப் படி ஏறுனீரு?"

"சும்மா ஒருக்கா..."

"இந்த ரத்தத்தை யாராவது சும்மா வந்து பாப்பாவளா? எதுக்குப் பயந்து பாத்தீரு? இல்லைன்னு சொல்லியிருந்தா சந்தோசமால்லா வந்திருப்பீரு? பங்குனிப் பொங்கலுக்கு நீரு மூணு நாளு சோறு திங்காமக் கெடந்தீரே. என்னன்னு கேட்டதுக்கு லாரில ஆள அடிச்சுட்டேன்னு பொய் சொன்னீரே!"

மந்திரமூர்த்தி கெசியாவைப் பார்த்துத் திரும்பினான். அழுகிற குரல். "யாருட்டயும் சொல்லமாட்டோம்னு எழுதிப் போட்டிருக்கியளேக்கா!"

அதோடு முடிந்தது. அவன் வாயாலேயே வந்துவிட்டது. மகாராஜா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். முப்பிடாதியின் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று.

"இது வைகாசியில உண்டானது" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

கிழவிதான் முதலில் சுதாரித்தாள். அந்தச் சுதாரிப்பைத்தான் கெசியாவால் சாகிற வரைக்கும் மன்னிக்க முடியாது. "சரி, விடு" என்றாள் கிழவி. குரல் அப்படியே இறங்கிவிட்டது. "சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான். ஆம்பள அப்படித்தான் இருப்பான், லாரிக்காரன் வேற. அதுக்கு என்ன செய்ய முடியும்? எந்திரிம்மா, முப்பிடாதி. வீட்டுக்குப் போவோம். ஊரு கூட வேண்டாம், கோயிலும் வேண்டாம். வெளிய தெரிஞ்சா நம்ம குடும்பத்துக்குத்தான கேவலம்?"

எப்பேர்ப்பட்ட நியாயம்! கால் மணி நேரத்துக்கு முன்னால் ஊரையே கூட்டி, தீயில் கைவைக்கச் சொன்ன அதே வாய். மருமகள் பாவம் என்றால் சுடலை சாட்சி, மகன் பாவம் என்றால் சேறும் தண்ணீரும். முத்துசுப்பிரமணியனுக்குக் காரணம் வேண்டுமாம், காரணம்! இந்தா, மஞ்சள் பையோடு நிற்கிறது, வந்து எழுதிக்கொள்ளட்டும். கெசியா வாயைத் திறந்தாள். நல்லதாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் திறந்தாள்.

அதற்குள் முப்பிடாதி மாமியாருக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். ஒதுக்கி உட்கார வைத்தவர்களின் மேல் உராய்ந்துகொண்டு வந்தாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டு, சூடப் பொட்டலத்தை எடுத்தாள்.

"சூடம் வாங்கியாச்சுல்லா அத்தை? ஊருக்கும் சொல்லியாச்சுல்லா? நாளைக்கு எல்லாரும் வரட்டும்."

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா? அதான் வேண்டாங்கேம்லா!"

"நீங்க வேண்டாங்கிய. எனக்கு வேணும். பத்து நாளா ஊருக்குள்ள எம் பேரைச் சீப்பட அடிச்சுட்டு, இப்ப வாயை மூடிட்டு வீட்டுக்குள்ள வான்னா? முதல்ல நான் அடிக்கேன். பொறவு இவரு அடிக்கட்டும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "பங்குனியில எதுக்குப் போனேன், போயி வந்து எங்கிட்ட என்ன சொன்னேன்னு சுடலைக்கு முன்னால சொல்லிட்டு அடியும். அதுக்குப் பொறவு எம் பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு ஊரு சொல்லட்டும்."

கிழவி மகாராஜாவைப் பார்த்தாள், ஏதாவது சொல்லேன் என்பதுபோல. அவன் துண்டை முகத்திலிருந்து எடுத்தான். "பிள்ளை அவாகிட்டதான் இருப்பான்" என்றான். "சூடமும் அடிக்கட்டும். சொன்னது சொன்னதுதான்."

முப்பிடாதி பொட்டலத்தை முந்தியில் வைத்து முடிந்துகொண்டாள். "அக்கா, பேறுகாலத்துக்கு நான் இங்கதான் வருவேன். அந்த நர்சிங்ஹோம்காரவ மாதிரி வெரட்டிர மாட்டியளே?"

"நீ வா. எவன் வெரட்டுதான்னு நானும் பாக்கேன்" என்றாள் கெசியா.

முப்பிடாதி படியிறங்கி, ஏரல் பஸ் நிற்கிற பக்கம் பார்த்து நடந்தாள். கொஞ்சம் தள்ளி மகாராஜா போனான். கிழவி இரண்டு பேரையும் வைதுகொண்டே பின்னால் ஓடினாள். மந்திரமூர்த்தி மட்டும் தூணைப் பிடித்தபடி நின்றான். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நாளைக்கு நான் அங்க என்ன சொல்லட்டும்?"

ஆலோசனை மையம்தானே, கேட்கிறான். கெசியா அறைக் கதவை விரியத் திறந்து, சுவரில் இருந்த நீல எழுத்தைக் காட்டினாள்.

"இப்பவும் நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன், மந்திரமூர்த்தி. நீதான் சொல்லணும்."